மரத்துக்குக் கணக்கு உண்டு, கூலிக்கு?

ஐப்பசி பிறந்து, வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோ சொன்னால் போதும், கந்தர்வக்கோட்டை வட்டாரத்து ஜனங்கள் வாசலில் வந்து நின்று வானத்தைப் பார்க்கிறார்கள். கடல் இங்கிருந்து வெகு தொலைவு. அலையை ஆயுளில் ஒரு தடவைகூடப் பார்க்காத கிழவிகள் இங்கே அனேகம். ஆனால் 2018 நவம்பர் 15ந் தேதி இரவுக்குப் பிறகு, கடல் நமக்குத் தூரமில்லை என்பதை எல்லாரும் தெரிந்துகொண்டார்கள்.

வருஷங்கள் ஓடிவிட்டன. சர்க்காரின் கணக்கில் கஜா புயல் முடிந்துபோன விஷயம். கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்தாயிற்று. 2021ல் ஆட்சியும் மாறியது. இருந்தும் நாம் அதை மறுபடி எடுத்து எழுதுகிறோம் என்றால் காரணம் உண்டு. அடுத்த புயல் வரும்போது அதிகாரிகள் அதே கணக்குப் புத்தகத்தைத்தான் விரிக்கப் போகிறார்கள். அந்தப் புத்தகத்தில் தென்னைக்கு இடம் இருக்கிறது. பசுவுக்கும் ஆட்டுக்கும் இருக்கிறது. படகுக்கும் வலைக்கும் இருக்கிறது. மரத்தடியில் நின்று கூலிக்கு உழைத்தவனுக்கு எங்கே இடம்? இதுதான் நமது கேள்வி.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். புயல் கரையேறுமுன் கடற்கரையில் நடந்த வேலை மெச்சத் தகுந்தது. எண்பதினாயிரத்துக்கும் அதிகமான ஜனங்களை முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மீனவர்கள் கடலுக்குப் போகாமல் தடுக்கப்பட்டார்கள். எதிர்க்கட்சியாக இருந்தவர்களே அந்த ஏற்பாட்டை அப்போது பாராட்டினார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போன விதத்தையும், 1977 நவம்பரில் நாகப்பட்டினம் பட்ட பாட்டையும் அறிந்தவர்கள் இந்த வித்தியாசத்தை மறுக்க மாட்டார்கள். எதிரி செய்தாலும் நல்லது நல்லதுதான். 63 உயிர்கள் போயின என்பது மாநில சர்க்கார் சொன்ன கணக்கு. எச்சரிக்கை இல்லாதிருந்தால் அந்த எண் எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாயிருக்கிறது.

ஆனால் எச்சரிக்கை கரையோடு நின்றுவிட்டது. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் நள்ளிரவுக்குப் பிறகு மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் ஏறிய காற்று, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைப் புரட்டிவிட்டு மேற்கே நடந்தது. நிலத்தில் ஏறினால் புயல் செத்துப்போகும் என்பதுதான் நம்மவர்கள் எண்ணம். அது சாகவில்லை. கந்தர்வக்கோட்டையும் புதுக்கோட்டையும் தாண்டி, திண்டுக்கல் வரை போய் அடித்தது. விடியற்காலையில் ஓட்டு வீட்டில் படுத்திருந்தவர்கள் கட்டிலுக்கடியில் நுழைந்தார்கள். குடிசையில் இருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். நம் பக்கத்து ஊர்களுக்கு "வீட்டை விட்டு வெளியேறு" என்று சொல்ல ஆள் அனுப்பும் திட்டம் எந்த மேஜையிலும் இருந்ததாகத் தெரியவில்லை.

சொல்லவும் யார் இருந்தார்கள்? இதை நமது ஜனங்கள் மறந்துவிட்டார்கள். நாம் மறக்கக் கூடாது. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துபோயிருந்தது. தேர்தல் நடத்தாமல் தள்ளிக்கொண்டே போய், 2019 டிசம்பரில்தான் நடத்தினார்கள். ஆக, நூற்றாண்டில் எப்போதோ வரும் காற்று அடித்த அன்று, கிராமத்தில் ஜனங்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர் ஒருவர்கூட இல்லை. தனி அதிகாரி ஒருவர், பல ஊர்களுக்குப் பொறுப்பு. எந்தச் சந்தில் கிழவி தனியாகப் படுத்திருக்கிறாள், எந்தக் குடிசையில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஸ்தல ஸ்தாபனங்களைச் சாகடித்துவிட்டு நிவாரணம் செய்யப் புறப்பட்ட கதை இது.

அடுத்த சில வாரங்களை விவரிக்க வேண்டியதில்லை; அனுபவித்தவர்கள்தான் இதைப் படிக்கிறார்கள். தஞ்சாவூர் ரோட்டை மறித்துக் கிடந்த மரங்களை வாலிபர்கள் அரிவாளும் கோடரியும் கொண்டு வெட்டி வழி திறந்தார்கள். சர்க்கார் யந்திரம் வருமுன் ஜனங்கள் கை வந்தது. புயல் பகுதி முழுவதிலுமாக ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. நமது பகுதியில் ஆறு கிடையாது, கால்வாய் கிடையாது. குடிக்கிற தண்ணீரும் பாய்கிற தண்ணீரும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் வரவேண்டும். கரண்டு இல்லையென்றால் வெளிச்சம் இல்லை என்பது பட்டணத்துக்காரன் பாடு. இங்கே கரண்டு இல்லையென்றால் குடத்தில் தண்ணீர் இல்லை. ஊரே பணம் போட்டு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து, மேல்தொட்டியில் தண்ணீர் ஏற்றிய தெருக்கள் எத்தனை! வாடகை வாங்கியவன் புயலையும் பார்க்கவில்லை, ஈரத்தையும் பார்க்கவில்லை, மணிக்கணக்கைத்தான் பார்த்தான்.

தண்ணீர் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? நவம்பர் 17ல் இதே ஜில்லாவில் கொத்தமங்கலத்தில் ஜனங்களின் கோபம் வெடித்து, சர்க்கார் வாகனங்கள் எரிந்தன. எரித்ததை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அன்றிரவே அந்த ஊருக்குள் புகுந்து வீடு வீடாகத் தேடி ஆட்களைப் பிடிக்கப் போலீசுக்குப் பாதை கிடைத்ததே! குடிதண்ணீர் லாரிக்கு மட்டும் பாதை இல்லையா? மூன்று நாள் கழித்து, நவம்பர் 20ல், முதலமைச்சர் பழனிசாமி ஹெலிகாப்டரில் வந்தார். புதுக்கோட்டை, பட்டுக்கோட்டைப் பக்கம் பார்த்துவிட்டு, வானிலை சரியில்லை என்று திருவாரூரையும் நாகையையும் பார்க்காமல் அன்று திரும்பினார். பிரதமரோ வரவே இல்லை.

வந்தவர்கள் வேறு ஆட்கள். பல ஜில்லாக்களிலிருந்து இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மின்சாரத் தொழிலாளர்கள் வந்தார்கள். சேற்று வயலில் இடுப்பளவு இறங்கி, கம்பத்தைத் தோளில் சுமந்து நட்டார்கள். அந்த வேலையில் உயிர் விட்டவர்களும் உண்டு. மூன்று மாதம் முன்னால்தான் வெள்ளத்தில் மூழ்கி எழுந்திருந்த கேரளம், 10 கோடி ரூபாய் கொடுத்ததோடு தன் மின் தொழிலாளிகளையும் அனுப்பியது. பாஷை தெரியாத அந்தத் தோழர்களுக்குக் கிராமத்துப் பெண்கள் சோறாக்கிப் போட்டார்கள். கம்பம் சுமந்தவர்களில் பெரும் பகுதியினர் நிரந்தர வேலை இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிகள். அவர்களைப் "போர்வீரர்கள்" என்று மேடையில் புகழ்ந்தார்கள். வேலை நிரந்தரம் கேட்டபோது அந்த மேடையைக் காணோம்.

இனி கணக்குக்கு வருவோம்.

மாநில சர்க்கார் முதலில் 1,000 கோடி ஒதுக்கியது. டில்லிக்குப் போய் 15,000 கோடி கேட்டது. டில்லி என்ன செய்தது? டிசம்பர் தொடக்கத்தில் 353 கோடியே 70 லட்சம். வருஷக் கடைசி நாளில் 1,146 கோடியே 12 லட்சத்துக்கு அனுமதி. இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்: கேட்டதில் நூற்றுக்குப் பத்து! கேட்டவர்கள் கூட்டிக் கேட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பத்து மடங்கா கூட்டுவார்கள்?

இதற்கு டில்லி சொல்லும் பதில் "விதிமுறை". அந்த விதிமுறையை நமது விவசாயிகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நல்லது. பேரிடர் நிவாரண விதிப்படி அன்று பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைதான். ஒரு ஹெக்டேரில் 175 தென்னை. வகுத்துப் பார்த்தால் ஒரு மரத்துக்கு 103 ரூபாய் வருகிறது. ஏழு வருஷம் தண்ணீர் ஊற்றி, முப்பது நாற்பது வருஷமாகக் குடும்பத்துக்குச் சோறு போட்ட மரத்துக்கு 103 ரூபாய்! 2022ல் இந்த 18,000ஐ 22,500 ஆக்கினார்கள். மரத்துக்கு 129 ரூபாய் ஆயிற்று. இளநீர் இரண்டு மூன்று வாங்கலாம்.

இந்த இடத்தில் மாநில சர்க்காருக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 என்று அது நிர்ணயித்தது. ஹெக்டேருக்கு 1,92,500 ரூபாய். டில்லியின் விதியைப் போல் பத்து மடங்கு. அது போதாது என்று விவசாயிகள் போராடியது முழுக்க முழுக்க நியாயம். ஆனாலும் விதியை மீறிக் கொடுக்க ஒரு சர்க்காருக்கு முடியும் என்பது இதில் நிரூபணமாகிறது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்த 1,100 ரூபாய் யாருக்குப் போயிற்று? பட்டா யார் பெயரில் இருந்ததோ அவருக்கு. குத்தகைக்கு எடுத்து உரம் வைத்தவருக்கு? வாய்ப்பேச்சுக் குத்தகைக்குச் சீட்டு ஏது? தோப்பில் காய் பறித்தவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பெண்கள், ஈர்க்குச்சி கிழித்து விளக்குமாறு கட்டிய கிழவி, இவர்களுக்கு? மரம் விழுந்த அன்று மரத்துக்காரருக்குச் சொத்து போயிற்று; இவர்களுக்கு அடுத்த பத்து வருஷத்துக் கூலி போயிற்று. சொத்துக்கு வாய் இருக்கிறது. கூலிக்கு வாய் இல்லை.

கந்தர்வக்கோட்டையின் விஷயம் இன்னும் மோசம். நாடு முழுதும் தென்னையைப் பற்றியே பேசிற்று. நமக்குத் தென்னையை விட முந்திரி பெரிது. ஆதனக்கோட்டை ரோட்டோரத்தில் வறுத்து உடைத்து விற்கும் முந்திரிப் பருப்புக்கு வெளியூரில் பெயர் உண்டு. அந்தப் பெயருக்குப் பின்னால், புகையில் கண் எரிய, தோல் எண்ணெய் பட்டு விரல் வெந்துபோன பெண்கள் இருக்கிறார்கள். முந்திரி பூக்கப் போகிற நேரம் பார்த்துத்தான் புயல் வந்தது. மாசி, பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்கும் வேலை, பிறகு உடைக்கும் வேலை, இவை அந்த வருஷம் அப்படியே மறைந்தன. வேரோடு சாய்ந்த மரத்துக்குப் பதில் புதுக்கன்று வைத்தாலும் ஒட்டுக்கன்று காய்க்க மூன்று வருஷம், நிறைந்து காய்க்க ஏழெட்டு வருஷம். சர்க்காரின் வருஷம் மார்ச்சில் முடிகிறது. மரத்தின் வருஷம் அப்படி முடிவதில்லை. இந்த நடுவிலுள்ள காலத்தில் கூலிக்காரி எதைத் தின்பாள் என்பதை எந்த அறிக்கையும் கேட்கவில்லை.

அவளுக்குக் கிடைத்தது 27 பொருள் கொண்ட ஒரு பை. அரிசியும் பாயும் போர்வையும் தேவைதான். அந்த நேரத்தில் அதைக் கேலி செய்வது பாவம். குடிசை முழுதும் போனால் 10,000. ஒரு பகுதி போனால் 4,100. முழுசா, பகுதியா என்று தீர்மானிப்பது கணக்கெடுக்க வந்தவரின் கண். நான்கு சுவரில் ஒரு சுவர் நின்றால் அது "பகுதி". ஒரு காலனியில் நாம் கூட இருந்தபோதே நடந்தது இது: கணக்கெடுக்க வந்தவர் ஒரு விவசாயத் தொழிலாளிப் பெண்ணிடம், "உன் பெயரில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. "எம்பேர்ல குழுக்கடன் இருக்கு சாமி, எழுதிக்கங்க" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நோட்டில் ஒன்றும் ஏறவில்லை.

அந்தக் குழுக்கடன் சிரிக்கும் விஷயமில்லை. நுண்கடன் கம்பெனிகளின் வாரத் தவணை புயலுக்காக நிற்கவில்லை. கூரை இல்லாத வீட்டு வாசலில் வசூல்காரன் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்றான். டெல்டா முழுதும் பெண்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்று கூச்சல் போட்ட பிறகுதான், கட்டாய வசூல் கூடாது என்று உத்தரவுகள் வந்தன. ஒத்திவைக்கப்பட்ட தவணை ரத்தான தவணை அல்ல. வட்டியோடு திரும்பி வந்தது. அதைக் கட்டுவதற்காகத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பஸ் ஏறிய குடும்பங்களில் சில இன்னும் பொங்கலுக்கு மட்டும்தான் ஊருக்கு வருகின்றன.

"கூலிக்கு நஷ்டஈடு என்று எங்காவது உண்டா?" என்று சில உத்தியோகஸ்தர்கள் நம்மிடம் கேட்டதுண்டு. உண்டு ஐயா! அவர்கள் விரித்த அதே புத்தகத்தில், ஒரு மூலையில் உண்டு. பிழைப்பு கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்தில் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய், பிள்ளைகளுக்கு 45 ரூபாய் கொடுக்கலாம் என்று அன்றைய விதி சொல்லிற்று. அற்பத் தொகைதான். ஆனால் நாம் போன தெருக்களில் அப்படி ஒரு வரி இருப்பதையே ஜனங்கள் அறிந்திருக்கவில்லை. அன்று நடப்பிலிருந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், இயற்கைச் சீற்றம் தாக்கிய பகுதிக்கு 100 நாளுக்கு மேல் 50 நாள் கூட்டிக் கொடுக்க ஏற்பாடு இருந்தது. இதெல்லாம் டில்லி பிரகடனம் செய்து, சென்னை கேட்டுப் பெற்று, ஒன்றியத்துக்கு வந்து சேரும்வரை அடுப்பு காத்திருக்குமா? காற்று அடித்த மறுநாளே தானாக அமலாக வேண்டிய விஷயம் இது.

பட்டா கேட்காமல் பணம் கொடுக்க முடியாது என்பதும் பொய். 2015ல் சென்னை வெள்ளத்தின்போது பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்கு ரேஷன் கார்டைக் காட்டியவர்களுக்கு 6,000 ரூபாய் ரொக்கம். யாரும் சொத்துப் பத்திரம் கேட்கவில்லை. நல்ல காரியம், வரவேற்கிறோம். சென்னைக்கு முன்னும் பின்னும் முடிந்தது, நடுவில் 2018ல் கந்தர்வக்கோட்டைக்கு ஏன் முடியவில்லை? இங்கே பத்திரிகைக்காரர்களின் காமிராக்கள் குறைவு என்பதாலா? ரேஷன் கார்டு இங்கேயும் அதே நிறம்தானே?

வீடு விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2019 பட்ஜெட்டில், புயல் பகுதிக்கு ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று அறிவித்தார்கள். கேட்க இனிப்பாயிருந்தது. வீடு கட்ட மனை வேண்டும். மனைக்குப் பட்டா வேண்டும். புறம்போக்கிலும், கோயில் நிலத்திலும், குளத்து மேட்டிலும் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவனுக்குப் பட்டா எங்கே இருக்கிறது? எவனுடைய குடிசை முதலில் பறந்ததோ அவனே வரிசையில் கடைசி. பட்டா இல்லாத நிவாரணம் மறுபடியும் பட்டாக்காரனிடமே போய்ச் சேரும்.

நமது பக்கத்துக் குறையையும் மறைக்க விரும்பவில்லை. அந்த முதல் வாரங்களில் நாமும் மரம் எண்ணிக்கொண்டுதான் இருந்தோம். மரத்துக்கு இவ்வளவு, ஹெக்டேருக்கு இவ்வளவு என்று மனு எழுதினோம், மறியல் செய்தோம். அது சரியான போராட்டம். கூலி இழப்புக்கான கோரிக்கையோ மனுவின் அடியில், பத்தாவதாகவோ பதினோராவதாகவோ இருந்தது. சிறு விவசாயியும் கூலித் தொழிலாளியும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருந்தபோது, பேசத் தெரிந்தவர் பேசினார்; மற்றவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எழுந்து கேட்காததைக் காரணமாகச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

கியூபா என்ற சின்ன நாட்டைப் பாருங்கள். 1963 அக்டோபரில் ஃபுளோரா என்ற புயல் அங்கே ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைக் கொன்றது. 1966ல் சட்டம் போட்டு மக்கள் பாதுகாப்பு ஸ்தாபனத்தை அமைத்தார்கள். தெருவுக்குத் தெரு பட்டியல்: யார் முதியவர், யார் நோயாளி, யாருக்கு வீடு உறுதியில்லை, யார் யாருடைய வீட்டில் போய்த் தங்குவது. புயல் வந்த பிறகு எழுதும் பட்டியல் அல்ல. வருமுன் எழுதி வைக்கும் பட்டியல். அதன் பிறகு எத்தனையோ பெரும் புயல்கள் அந்தத் தீவை அடித்தன. உயிர்ச்சேதம் பழையபடி ஆகவில்லை. பணக்கார நாடல்ல அது. பட்டியல் எழுதக் காகிதமும் ஊரை அறிந்த ஆட்களும் இருந்தால் போதும்.

இங்கே ஊரை அறிந்த ஆட்களை மறுபடியும் வெளியே அனுப்பினார்கள். 2019ல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும், நமது ஜில்லாவும் சேர்ந்து, தனி அதிகாரிகள் கையில் போயிற்று. 2018ல் கண்ட அதே நிலைமை! இதைச் செய்தவர்கள் அன்று இதே குற்றத்துக்காக எதிர்த் தரப்பைச் சாடியவர்கள்தான்.

எனவே கந்தர்வக்கோட்டை ஒன்றியத்துக் கிராமங்களில் நமது தோழர்கள் ஒரு வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஒவ்வொரு தெருவிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் நிலமில்லாத குடும்பங்களின் பெயர், எந்த வேலையில் எத்தனை மாதம் கூலி, வாய்ப்பேச்சுக் குத்தகை எவ்வளவு, மனைக்குப் பட்டா உண்டா இல்லையா, புயல் வந்தால் எந்தக் கட்டிடத்துக்குப் போவது என்று எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அதைக் கிராம சபையில் வாசித்து, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். அக்டோபர் 2லும் நவம்பர் 1லும் கிராம சபை கூடுகிறது. இரண்டும் மழைக்காலத்து வாசலில் இருக்கின்றன. பதிவு செய்ய மறுத்தால் மறுத்ததையும் எழுதி வாங்குங்கள். குழுக்கடன் பெயரில் இருந்த அந்தப் பெண்ணின் தெருவில் நோட்டுப் போட்டாயிற்று. முதல் பக்கத்தில் அவள் பெயர்தான்.